எல்லாருக்கும் 98 காட்டும் கேமரா

குமரி மாவட்டப் பொறியியல் கல்லூரி மாணவ மாணவியருக்கு,

முகத்தைக் கேமராவுக்குக் காட்டினால் போதும், தொடாமலே இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொல்லும் கருவியை இறுதியாண்டுக்காகச் செய்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். மார்த்தாண்டம் பக்கம் செவிலியராக இருக்கும் எனக்கு அப்படி ஒன்று கிடைத்தால் பெரிய உதவி.

சென்ற மாதம் அண்டியாபீசிலிருந்து, அதாவது முந்திரி ஆலையிலிருந்து, ஒரு மாமி மூச்சிரைப்போடு வந்தார். முந்திரி உடைத்து உடைத்து விரல்நுனி முழுக்க ஓட்டெண்ணெய்க் கறை. நகம் எது, தோல் எது என்று தெரியவில்லை. ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை விரலில் மாட்டினால் 84 விழுக்காடு, உடனே 91, அப்புறம் வெறும் கோடு. கடைசியில் கால்விரலைத் துடைத்து மாட்டினோம். "காலுக்கும் மூச்சு உண்டா மக்களே?" என்று அந்த இரைப்பிலும் கேட்டார்.

உங்கள் கருவியை யாரிடம் சோதித்தீர்கள்? வகுப்புத் தோழர்களிடம் என்றால், அவர்களுக்கு எப்படியும் 97, 98, 99தான் இருக்கும். எதையுமே அளக்காமல் எப்போதும் 98 காட்டுகிற பொம்மைகூட அந்த அறையில் தேர்ச்சி பெற்றுவிடும். கொரோனாக் காலத்தில் ஒரு கைபேசிச் செயலி என் பாட்டாவுக்கு 98 காட்டியது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கிளிப் காட்டியது 86.

கிளிப் 660 நானோமீட்டர் சிவப்பொளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் விரலுக்குள் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று ஒப்பிட்டு ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. கைபேசிக் கேமராவோ அகச்சிவப்பைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். துடிப்புக்கு ஒரு விழுக்காடுகூட மாறாத தோல் நிறத்தை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டும். தென்னோலை நிழல் முகத்தில் ஆடினாலே அதைவிடப் பெரிய மாற்றம்!

கறுத்த தோல் இன்னொரு சிக்கல். தொட்டு அளக்கும் கிளிப்பே, கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தவறவிட்டதாக 2020இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. குளச்சலில் வெயிலில் வெந்த முகங்களைக் கேமரா எப்படிப் படிக்கும்?

ஆகவே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்களை அணுகுங்கள். முறையான அனுமதியோடு, உண்மையிலேயே ஆக்சிஜன் குறைந்திருக்கும் நோயாளிகளின் தமனி இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் "அளக்க முடியவில்லை" என்று சொல்லக் கருவிக்குக் கற்றுக்கொடுங்கள். அந்த ஒரு வரிக்காகவே நான் அதை நம்புவேன்.

அண்டியாபீசுக்கும் அழைத்துப்போகிறேன். ஞாயிறு வேண்டாம், விடுமுறை. வேலைநாளில் மாலை, பெண்கள் கை கழுவும் முன் வாருங்கள்.

அன்புடன்,
ஒரு செவிலியர்