மூன்றில் ஒரு பங்கும் 9.81உம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

உங்கள் மாணவர் பக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி றேமண்ட் டேவிஸ் பற்றி வந்த குறிப்பை வாசித்தேன். சூரியனில் இருந்து வந்து அனேகமாக எதையும் ஊடுருவிப் போகிற நியூத்திரினோ என்ற நுண்துகள்களை நிலத்துக்கடியில் இருந்து பிடித்தார், 2002இல் நோபல் பரிசு பெற்றார் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய பகுதி அதில் இல்லை.

தென் டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், 600 தொன்னுக்கு மேல் திரவம் நிரப்பிய தாங்கி ஒன்றை அவர் வைத்தார். உடுப்பு வெளுக்கும் கடைகளில் பாவிக்கிற குளோரீன் கலந்த திரவம்தான். நியூத்திரினோ பட்டால் குளோரீன் அணு ஆகன் அணுவாக மாறும். மேலே வைத்தால் விண்வெளியில் இருந்து வரும் அண்டக்கதிர்கள் குழப்பிவிடும் என்பதால்தான் அவ்வளவு ஆழம். சில கிழமைகளுக்கு ஒருமுறை ஈலிய வாயுவைக் குமிழவிட்டு ஆகனை வெளியே எடுப்பார். பத்துப் பதினைந்து அணுக்கள் தேறினாலே பெரிய காரியம்!

எத்தனை நியூத்திரினோ அகப்படவேண்டும் என்று பௌதிகவியலாளர் ஜோன் பாகோல் கணித்துச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் அகப்பட்டது. பரிசோதனையில்தான் கோளாறு என்று பலரும் சொன்னார்கள். டேவிஸ் சண்டைக்குப் போகவில்லை. எண்ணிக்கை தெரிந்த ஆகன் அணுக்களைத் தாங்கிக்குள் விட்டுத் திரும்ப எடுத்துக் காட்டினார். அப்புறமும் அதே மூன்றில் ஒன்று. அதையே ஏறத்தாழ முப்பது வருடம் எழுதிவந்தார். வழியிலேயே நியூத்திரினோக்கள் வகை மாறுகின்றன, டேவிஸின் தாங்கிக்கு ஒரு வகைதான் அகப்படும் என்பது 2001, 2002இல் கனடாவின் சட்பரி சுரங்கத்துக் கனநீர்ப் பரிசோதனையில் உறுதியானது. இருவர் கணக்கும் சரி. பரிசு வரும்போது டேவிஸுக்கு 88 வயது.

இங்கே உயர்தர ஆய்வுகூடங்களில் நடப்பது வேறு. எளிய ஊசல் செய்முறை. யன்னலால் கச்சான் காற்று அடிக்க, குண்டு வட்டம் சுற்றுகிறது. புத்தகத்தில் 9.81 என்று இருக்கிற ஈர்ப்பு ஆர்முடுகல் ஒரு பிள்ளைக்கு 10.3 வந்தது. பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்த்தாள், அழிறப்பரால் தேய்த்தாள், 9.81 என்று எழுதினாள். முழுப் புள்ளி. யன்னலைச் சாத்திவிட்டு இன்னொருமுறை ஆட்டிப் பார்த்த பெடியனுக்கு நேரம் போதாமல் புள்ளி குறைந்தது. பிள்ளைகளில் பிழை சொல்லமாட்டேன்; புள்ளி போடுகிற நாங்கள்தான் இப்படிப் பழக்குகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் மாதிரி விடைகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கி, பிள்ளைகள் உண்மையாக எடுத்த வாசிப்புகளை, புத்தகத்தோடு ஒத்துவராதவற்றையும் சேர்த்து, காரணத்தோடு அச்சிடுங்கள். முதல் கிழமைக்கு அந்த 10.3ஐ நானே அனுப்பிவைக்கிறேன்.

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.