அப்பா படிக்க முடியாமல் போன செப்பேடு: யூத மரபிடங்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் யூத மரபிடங்களையும் காட்சிக்கூடங்களையும் பேணிவரும் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் அப்பாவைக் கொச்சியின் பழைய யூதக் குடியிருப்பு இருக்கும் மட்டாஞ்சேரிக்கு அழைத்து வந்திருந்தேன். அவர் 76 வயதான ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தமிழையும் மலையாளத்தையும் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்தான வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவர். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபடி யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேட்டின் நகலையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நாங்கள் சென்ற காட்சிக்கூடம் எதுவென்று இங்கே எழுதவில்லை. ஏனெனில் குறை அந்த ஒரு கூடத்தோடு முடிவதில்லை.

நகல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கூரை விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் தெறித்ததால், அப்பா இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குனிந்து, சாய்ந்து, தலையைத் திருப்பித் திருப்பி எழுத்துகளைத் தேடினார். சற்று நேரத்தில் 'அஞ்சுவண்ணம்' என்று உரக்கப் படித்தார். அக்கால வணிகக் குழு ஒன்றின் பெயர் அது. பிறகு 'பகல்விளக்கும் பாவாடையும்' என்றார். பகலில் விளக்கேந்திச் செல்லும் உரிமையும், நடந்து வரும் வழியில் துணி விரிக்கப்பெறும் உரிமையும் அவை. அந்தச் செப்பேடு தரும் 72 விடுபேறுகளில், அதாவது சிறப்புரிமைகளில், சேர்ந்தவை. மேற்கொண்டு எழுத்து பிடிபடாமல், கீழே இருந்த விளக்க அட்டையைக் காட்டி, "இதில் என்னம்மா போட்டிருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. நான் வரி வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கியபோது, வழியை மறிக்காமல் நகரும்படி ஊழியர் கூறினார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த மனிதர், நேற்று அச்சடித்த அட்டையைப் படிக்க வழியில்லாமல் நகர்ந்தார்.

அந்த ஊழியர் மீது எனக்கு வருத்தமில்லை. கூட்டத்தை நகர்த்துவது அவர் வேலை. விளக்க அட்டைகளை மலையாளத்திலும் தமிழிலும் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். செப்பேட்டின் அருகே அதன் முழு வாசகத்தையும் இன்றைய எழுத்தில், வரிக்கு வரி, எழுதி வையுங்கள். தமிழ் அறிந்தவர் எவரும் அதில் பாதியையாவது தாமே புரிந்துகொள்வார்.

இது அந்த இடத்துக்குப் புறம்பான கோரிக்கை அன்று. 1760இல் யூத வணிகர் எசக்கியேல் ரகாபி பரதேசி ஜெபாலயத்தை ஒட்டிக் கட்டிய மணிக்கூண்டை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். அதன் முகப்புகளில் எபிரேய எண்களும் உரோம எண்களும் மலையாள எண்களும் உள்ளன. யார் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மணி தெரிய வேண்டும் என்று அன்றே ஒருவர் எண்ணியிருக்கிறார். கொச்சி யூதச் சமூகத்துப் பெண்கள் தங்கள் பாடல்களை மலையாளத்தில் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துக் காத்தவர்கள். அவர்கள் கதையை அவர்கள் மொழியிலேயே படிக்க முடியாதபடி வைத்திருப்பதை எப்படி ஏற்பது?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தைக் காண வரும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு, 1544இல் கட்டப்பட்ட கடவும்பாகம் ஜெபாலயம் அதே மட்டாஞ்சேரியில் இருப்பது தெரியும்? அதன் உள்ளலங்காரம் எருசலேம் அருங்காட்சியகத்தில் போற்றிக் காக்கப்படுகிறது. இங்கே நின்ற கட்டடத்தின் ஒரு பகுதியோ 2019 மழையில் இடிந்து விழுந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்த யூதர்களுக்குச் சம உரிமை கேட்டு, பரதேசி ஜெபாலயத்தில் சத்தியாகிரகம் செய்த வழக்கறிஞர் ஏ. பி. சேலத்தைப் பற்றி நாங்கள் பார்த்த கூடத்தில் ஒரு வரிகூட இல்லை. மன்னர் தந்த மரியாதையைச் சொல்லும் இடத்தில், அவர்களுக்குள் இருந்த பாகுபாட்டையும் அதை எதிர்த்தவரையும் சொல்ல வேண்டாமா?

கோபத்தில் எழுதுவதாக எண்ண வேண்டாம். ஓர் அட்டையின் மொழியைப் பற்றித்தான் கேட்க வந்தேன். மலையாளத்திலும் தமிழிலும் விளக்க அட்டை, செப்பேட்டின் முழு வாசகம், முதியவர் உட்கார்ந்து படிக்க ஒரு முக்காலி: இவற்றை அருள்கூர்ந்து செய்து தாருங்கள். தமிழ் வாசகத்தைப் பிழை பார்த்துத் தர அப்பா ஊதியமின்றி முன்வருகிறார். திரும்பும் வழியில் டீக்கடையில் அமர்ந்து, பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் 'பகல்விளக்கு' என்று வட்டெழுத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை வைத்ததும் சொல்லுங்கள். மறுபடியும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு மகள்