நம் ஊருக்கு நம் ஊர் அறிவிப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்று வந்தால் தமிழகம் எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கை, ஆக்சிஜன், பரிசோதனைக்கூடம் என எல்லாவற்றையும் விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் சின்ன ஊர்களுக்கு அதெல்லாம் வந்து சேருவதற்கு முன்பே ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி வந்துவிடும். அதில் மக்களுக்கு என்ன சொல்கிறோம் என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கொரோனா காலம் முழுக்க தென்காசி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில்தான் இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் பெண்களுக்குப் பீடி வேலை. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதிலிருந்து ‘விழித்திரு, விலகியிரு, வீட்டிலேயே இரு’ என்ற அரசின் வாசகம் தெருத்தெருவாக ஒலித்தது. நல்ல வாசகம்தான், சிறு பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஆனால் ஊரடங்கு தளர்ந்து பீடிக்கடை திறந்த அன்று என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு, பீடி இலையும் புகையிலைத் தூளும் வாங்கி வர வேண்டும். பீடியின் தரம் பார்க்கும் செக்கர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்துக் கழிக்கிற வரைக்கும், பின்னால் இருப்பவர்கள் அந்தச் சிறிய அறைக்குள்ளேயே நெருக்கியடித்து நிற்க வேண்டியதுதான். கடைசியில் அந்தப் பெண்களே ஒரு வழி கண்டார்கள். தெருவுக்கு ஒருத்தி எல்லாருடைய கட்டுகளையும் பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு போனாள். செக்கரின் மேசையும் வாசலுக்கு வந்தது. இதைவிட நல்ல சுகாதார நடவடிக்கையை அந்த இரண்டு ஆண்டில் எங்கள் ஊரில் நான் பார்க்கவில்லை. ஆனால் இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டாம் அலையில் மறுபடியும் அதே அறைக்குள் அதே நெருக்கடி.

நோய் அறிகுறிகளையும் அப்படித்தான் பொதுவாகச் சொன்னார்கள். இருமல் இருந்தால் உடனே பரிசோதனைக்கு வாருங்கள் என்றார்கள். தூள் நெடியிலேயே உட்கார்ந்து வருஷக்கணக்காக இருமிக்கொண்டிருக்கும் பெண் அதைக் கேட்டு என்ன முடிவெடுப்பாள்? புதிதாகக் காய்ச்சல் வருகிறதா, குழம்பின் மணம் தெரியாமல் போகிறதா, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும்.

வீட்டுத் தனிமை என்றால் காற்றோட்டமான தனி அறையும் தனிக் கழிவறையும் வேண்டும் என்றது விதிமுறை. எங்கள் தெருவில் வீடு என்பது முன்னால் தார்சா என்கிற ஒரு முன்கூடம், உள்ளே ஓர் அறை, பின்னால் அடுப்படி. “நர்ஸம்மா, தனி அறைக்கு நாங்க எங்க போக?” என்று கேட்டவர்களிடம் அந்த விதியைத் திருப்பிச் சொல்லி என்ன பயன்? நோயாளியைத் தார்சாவில் படுக்க வையுங்கள், கதவையும் ஜன்னலையும் திறந்து போடுங்கள், அவரும் முகக்கவசம் போடட்டும், பக்கத்தில் போகிறவர்களும் போடுங்கள் என்றுதான் சொன்னேன். மூச்சு வாங்கினால் குப்புறப் படுக்கச் சொன்னேன். 2021 ஏப்ரல், மே மாதங்களில் பல்ஸ் ஆக்சிமீட்டர் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஒரே கருவி பல வீடுகளுக்குப் போய் வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால் காத்திருக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நகப்பூச்சோ அழுத்தமான மருதாணியோ இருந்தால் அளவு தவறாகக் காட்டலாம், கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்ட வேண்டும் என்பதை வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியில் இதைச் சொல்லக் கால் நிமிஷம் போதும்.

அறிவிப்புகள் மாறிக்கொண்டே இருந்தன என்று இன்றைக்கும் பலர் குறை சொல்கிறார்கள். மாறியதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். புதிய நோய், தெரிய வரத் தெரிய வரத்தான் சொல்ல முடியும். 2020 மார்ச்சில் நோயில்லாதவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே வீட்டில் தைத்த துணிக் கவசமாவது போடுங்கள் என்றது மத்திய அரசு. காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ‘நேத்து வேண்டாம்னாங்க, இன்னிக்கு வேணுங்கிறாங்க’ என்ற பேச்சு வந்திருக்காது. அதேபோல ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர்ச் சந்தையில், நடந்து போகிறவர்கள்மேல் மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், பல ஊர்களும் அதைப் பார்த்து வைத்தன. அந்த மாதத்திலேயே தமிழகப் பொது சுகாதாரத் துறை அதை நிறுத்தச் சொன்னது. மனிதர்கள்மேல் கிருமிநாசினி தெளிப்பது உடலுக்கும் மனத்துக்கும் கேடு என்று ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் அறிவுறுத்தியது. தெளிக்கும்போது மைக் வைத்துச் சொன்னவர்கள், நிறுத்தும்போது ஏன் நிறுத்தினோம் என்று சொல்லவில்லை. அதனால் பிளீச்சிங் பவுடர் போட்ட தெரு பத்திரமான தெரு என்ற நம்பிக்கை அப்படியே தங்கிவிட்டது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, உள்ளே ஜன்னலை அடைத்துக்கொண்டு பத்துப் பேர் உட்கார்ந்திருந்த வீடுகளுக்குள் நானே போயிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நோய் வந்த வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள், கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பாதுகாப்புக்குத்தான் என்று சொன்னாலும் அந்தத் தெருவே அந்த வீட்டை ஒதுக்கியது. ஒரு குறிப்பிட்ட சமூகத்தார் வசிக்கும் தெரு என்றால் பேச்சு இன்னும் மோசமாக இருந்தது. பிறகு காய்ச்சலை மறைக்கத் தொடங்கினார்கள். காய்ச்சல் மாத்திரையைப் பக்கத்து ஊருக்குப் போய் வாங்கினார்கள். உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் அப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் ஆகிவிட்டது. முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்றும் வந்தது. எங்கள் பக்கம் பல பெண்களுக்கு ஒரு நாள் பீடிக் கூலியே அவ்வளவு வராது. எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில், சாத்தான்குளத்தில், ஊரடங்கில் கடை நேரத்தை மீறியதாகச் சொல்லி 2020 ஜூனில் போலீசார் அழைத்துப் போன தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. சுகாதாரச் செய்தி போலீஸ் செய்தியாக மாறிய பிறகு மக்கள் எங்களிடமும் உண்மையைச் சொல்லப் பயந்தார்கள்.

இவ்வளவுக்கும் கேள்வி கேட்க ஊரில் ஓர் ஆள் இல்லை. தமிழகத்தின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. அதாவது கொரோனாவின் இரண்டு பெரிய அலைகளும் வந்து போனபோது எங்கள் வார்டுக்கு உறுப்பினரே கிடையாது. செயல் அலுவலர் ஒருவர், மேலிருந்து வந்த தாள், ஓர் ஆட்டோ, அவ்வளவுதான். இந்தத் தெருவில் குழாய் ஒன்றுதான், கை கழுவுங்கள் என்று மட்டும் சொன்னால் எப்படி என்று யாரிடம் போய்க் கேட்பது?

நன்றாக நடந்ததும் உண்டு. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு வந்து ஏப்ரல் 17 அன்று இறந்தார். தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை, இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் வரிசை சட்டென்று குறைந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவந்தது சுவரொட்டி இல்லை. ஜமாஅத்தில் பேசி பள்ளிவாசல் மைக்கிலும், கோயில் மைக்கிலும், சர்ச்சிலும் அவரவர் பேச்சிலேயே சொல்ல வைத்தோம். ராத்திரி காய்ச்சல் வரலாம், கை வலிக்கும், பாராசிட்டமால் போடுங்கள், மறுநாள் பீடி சுற்றும் முறத்தைத் தொடாமல் ஓய்வெடுங்கள் என்று வரப்போவதை முன்கூட்டியே சொன்னோம். சொன்னபடியே காய்ச்சல் வந்து சொன்னபடியே விட்டபோது, போட்டவர்களே அடுத்தவர்களைக் கூட்டி வந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் ஒரு கரும்பலகை. இன்றைக்குக் கோவிஷீல்டு எத்தனை பேருக்கு, கோவாக்சின் உண்டா இல்லையா, நாளை எத்தனை மணிக்கு என்று தினமும் சாக்பீஸால் எழுதினார்கள். விடியற்காலையிலிருந்து காத்திருந்து ஏமாந்து திரும்புவது அதோடு நின்றது. புதன்கிழமைக் குழந்தைத் தடுப்பூசி உண்டு என்பதையும் அதே பலகையில் எழுதிய பிறகுதான் தாய்மார்கள் திரும்ப வரத் தொடங்கினார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பேரூராட்சியும், அதன் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து, தன் ஊருக்கான அறிவிப்பை இப்போதே எழுதி வைக்க வேண்டும். கூட்டம் சேரும் இடம் எது, அங்கே என்ன மாற்றம் செய்ய வேண்டும், தனி அறை இல்லாதவர்களை எங்கே வைப்பது, எந்தத் தெருவில் யார் சொன்னால் கேட்பார்கள், மாற்றம் வந்தால் யார் காரணம் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பொது சுகாதாரத்துக்கென்று இந்த மாநிலத்தில் 1939லேயே சட்டம் வந்தது, உள்ளாட்சிகளின் பொறுப்பு அதிலேயே இருக்கிறது. இப்போது வார்டு உறுப்பினர்களும் இருக்கிறார்கள். இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். அப்போது வேலை பார்த்த செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள், சுகாதார ஆய்வாளர்கள், ஆட்டோவில் மைக் பிடித்தவர், தெருவுக்கு ஒருத்தியாகக் கட்டுகளைச் சுமந்த பெண்கள் எல்லாம் இன்னும் இந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதினால் போதும்.

உங்கள் இதழும் வாசகர்களிடம் அவரவர் ஊர்க் குறிப்புகளைக் கேட்டு வாங்கி வெளியிடலாம். எங்கள் ஊருக்கானதை எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தென்காசி மாவட்டம்