பேருந்து நடத்துநர் ஐயாவுக்கும் எங்கள் மகளுக்குத் துணைநின்ற அனைவருக்கும்

வணக்கம்.

எங்கள் வீட்டில் மகள் கண்டு அஞ்சிய நிகழ்வை ஊர் அறியும் என்பதால் அதை மறுபடி எழுதப் போவதில்லை. மூன்றரை வயது மகள் சென்ற வாரம் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளாமல் விடியும் வரை தூங்கினாள். அந்த நிம்மதி மனத்தில் ஈரமாக இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் எங்களைத் தாங்கிய மனநல ஆலோசகர் அம்மையாருக்கு முதல் வணக்கம். "சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும்" என்று பலரும் நல்லெண்ணத்தோடு சொன்னபோது, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வயதில் பட்ட அச்சத்தைக் குழந்தை தூக்கத்திலும் விளையாட்டிலும் உடம்பிலும் சுமக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னவர் அவர். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்து அவர் எங்களுக்குச் செய்யும் இந்த மனநலச் சிகிச்சைக்கு, 1970களில் அமெரிக்காவில் செல்மா ஃபிரைபெர்க் தாய்மாரோடும் கைக்குழந்தைகளோடும் செய்த பணியே அடித்தளம் என்பதையும், சான் பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மேனும் பட்ரீசியா வான் ஹார்னும் அதைக் கொடிய நிகழ்வுகளைக் கண்ட சிறு குழந்தைகளுக்காக வளர்த்தெடுத்தார்கள் என்பதையும் அவர் வழியாகவே அறிந்தேன்.

மகளை அறைக்குள் அழைக்கும் முன்பே அவர் என்னையும் என் கணவரையும் தனியே பேசவைத்தார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நாகைக் கரையில் சிறுமியாக நான் கண்டதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதைப் பேசக் கூடாது என்பதே எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. பேசாமல் கிடந்த அந்தப் பயம், மகள் அலறும்போதெல்லாம் என் குரலை அடைத்ததைக் கண்டுகொண்டவர் அவர்தான். பின்னர் எங்கள் முன்னிலையில் மகளிடம், அவள் பார்த்ததும் பயந்ததும் எங்களுக்குத் தெரியும் என்றும், அதைப் பற்றிப் பேசவும் விளையாடவுமே அம்மாவும் அப்பாவும் அவளோடு இங்கே வந்திருக்கிறோம் என்றும் எளிய சொற்களில் சொன்னார். பொம்மை வீட்டை அவள் ஒரே விதமாக அடுக்கி அடுக்கி இடித்தபோது தடுக்காமல், அந்த வீட்டுக்குள் இருக்கும் அம்மா பொம்மை இப்போது என்ன செய்யலாம் என்று எங்களைத்தான் கேட்டார்.

இனி, மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பேருந்தின் நடத்துநர் ஐயாவுக்கு. அவரைக் கேட்காமல் பெயரை எழுதுவது முறையில்லை என்பதால் விடுகிறேன்.

விசில் சத்தம் என் மகளுக்கு ஏன் ஆகாது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதல் பயணத்தில் வடுவூர் வருவதற்குள் அவள் அழுது அழுது மூச்சு வாங்கினாள். இறங்கிவிடலாம் என்று நான் எழுந்தபோது அவர் அருகில் வந்தார். காரணம் கேட்கவில்லை. "விசில் அடிக்காம வண்டிய எடுக்க முடியாதும்மா. ஆனா ஒவ்வொரு தடவையும் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒங்களப் பாத்துக் கையத் தூக்குறேன். நீங்க பாப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றார். அதன்பின் எவ்வளவு கூட்டமானாலும், படிக்கட்டு வரை ஆட்கள் நின்றாலும், கையை உயர்த்தி என் கண்களைத் தேடி, நான் தலையசைத்த பிறகே ஊதினார். "இப்போது மாமா விசில் ஊதுவார், வண்டி கிளம்பும்" என்று அவள் காதருகில் சொல்வேன். வாரங்கள் செல்லச் செல்ல, அவளே அவர் கையைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொள்ளத் தொடங்கினாள். பிறகு ஒருநாள், "அம்மா, மாமா கை தூக்குறாங்க" என்று எனக்கே சொன்னாள்.

இதைக் கேட்ட ஆலோசகர் அம்மையார் நெடுநேரம் இதைப் பற்றியே பேசினார். அப்படியொரு நிகழ்வுக்குப் பின், அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அம்மா காப்பாற்றுவாள் என்னும் குழந்தையின் நம்பிக்கை உடைந்துவிடுகிறது. அதைத் திரும்பக் கட்டுவதே இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி என்றார். இரக்கப்பட்டு நடத்துநர் விசிலைப் பைக்குள் வைத்திருந்தால் அன்றைய பயணம் மட்டும் அமைதியாகக் கழிந்திருக்கும். என்ன வரப்போகிறது என்று மகளுக்குச் சொல்லும் வாய்ப்பை என் கையில் கொடுத்ததால், அவள் கண்ணில் நான் மறுபடியும் விவரம் தெரிந்த அம்மா ஆனேன். ஐயா, இதை உங்களிடம் நேரில் சொல்ல முயலும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

கதவருகே என்னை உட்காரவிட்ட அங்கன்வாடி ஆசிரியைக்கும், குறுவை அறுவடை நேரத்திலும் சிகிச்சை நாளன்று கணவருக்கு விடுப்பு மறுக்காத அரிசி ஆலை முதலாளிக்கும், எங்கள் வயலைத் தங்கள் வயலாக எண்ணி அறுத்துக் கொடுத்த பங்காளிகளுக்கும், எதையும் துருவிக் கேட்காமல் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

சிகிச்சை இன்னும் சில மாதம் தொடரும். இனி யாருடைய குழந்தையைப் பற்றியும் "மறந்துவிடும்" என்ற சொல் என் வாயிலிருந்து வராது. குழந்தையை அழைத்துக்கொண்டு முதன்முறை தஞ்சாவூர் போகத் தயங்கும் தாய் எவரும் அங்கன்வாடியில் சொல்லியனுப்பினால் போதும். அங்கே என்ன கேட்பார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்பதையெல்லாம் சொல்லி, அறைவாசல் வரை நானும் உடன் வருவேன்.

நன்றியுடன்,
மன்னார்குடி வட்டத்துத் தாய் ஒருத்தி