விளம்பரங்களையும் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மறந்துபோன பழைய பொழுதுபோக்குகள் பற்றிய கட்டுரையைப் படித்த கையோடு என் பழைய பெட்டியைத் திறந்தேன். இரண்டு ஃப்ளெக்ஸி இசைத்தட்டுகள் கிடைத்தன. பத்திரிகைகளோடு இணைப்பாக வந்த, காகிதம்போல் வளையும் தட்டுகள். சுழலும்போது வழுக்காமலிருக்க மேலே ஒரு நாணயத்தை வைப்போம். வைத்த இடத்தில் வட்டத் தேய்மானம் இன்னும் தெரிகிறது.

இவற்றைக் குப்பை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1975இல் அமெரிக்காவில் கேரி டால் என்பவர் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதில் ஒரு கூழாங்கல்லை வைத்து வளர்ப்புப் பிராணியாக விற்றார். பராமரிப்புக் கையேடும் உண்டு! லட்சக்கணக்கில் விற்றது. அந்த ஆண்டு மக்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பதை வரலாற்று நூல்களைவிட அந்தக் கையேடு நன்றாகச் சொல்லும்.

எனக்குப் பெரிய கவலை வீடியோ நாடாக்கள்தான். 1960, 70களில் பிபிசி பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் ஆரம்பகாலப் பகுதிகள் பல இன்றுவரை கிடைக்கவில்லை. மீண்டவற்றில் சில, தனிப்பட்ட சேகரிப்பாளர்கள் பத்திரப்படுத்திய படச்சுருள்கள்.

வீட்டிலுள்ள வீடியோ கேசட்டுகளுக்கும் ஆயுள் குறைவு. ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், காந்தப்பூச்சு உதிரும். வைத்திருப்பவர்கள் இப்போதே டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள். தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்தவையாக இருந்தால், நடுவே வரும் விளம்பரங்களைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். படம் வேறெங்காவது கிடைத்துவிடும், அந்த விளம்பரம் உங்கள் கேசட்டில் மட்டுமே இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்