கார்த்திகையில் நகைக் கெடு, தைக்குப் பிறகு பி.எஃப்.

வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழுவினருக்கு, வணக்கம்.

வடசென்னைப் பக்கம் ஓர் அனல்மின் நிலையத்தில், நிலக்கரி வரும் கன்வேயர் பெல்ட்டில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். பொங்கல் முடிந்த வாரம், பழைய யூனிட்டுக்கு இனி ஆள் வேண்டாம் என்று கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நிரந்தர ஊழியருக்கு மாற்றல் உண்டு, நாங்கள் கான்ட்ராக்ட். அத்தனை வருடத்தில் கேட் மாறவில்லை, பெல்ட் மாறவில்லை, கான்ட்ராக்டர் பெயர் மட்டும் மூன்று தடவை மாறியது. யாரிடமும் தொடர்ந்து ஐந்து வருடம் இல்லை, அதனால் பணிக்கொடையும் இல்லை என்றார்கள்.

சரி, இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று போனேன். வேலை போனவருக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், ஆயுளுக்கு ஒரே தடவை. 2018-ல் தொடங்கியபோது கால்பங்குதான், கொரோனா வந்துதான் பாதி ஆனது. அதில் வாடகையும் அரிசியும் ஓடின.

அப்புறம் பி.எஃப். நான் வேலையை விட்டு வெளியேறிய தேதியைக் கான்ட்ராக்டர் கணக்கில் போடவே இல்லை. நாமே போட்டுக்கொள்ளலாம், ஆனால் கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டுமாம். அண்ணாச்சி கடையில் பாக்கி நோட்டை எடுத்துக் காட்டுவதே அந்த இரண்டு மாதத்தில்தான்.

முன்பு இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் மொத்தத்தையும் எடுக்கலாம். 2025 அக்டோபரில் அதை 12 மாதம் ஆக்க முடிவெடுத்தீர்கள்: 75 சதவீதம் உடனே, மீதி காத்திருந்து. அடிக்கடி துடைத்து எடுத்தால் ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து வருடச் சேவை அறுந்துபோய்விடும் என்கிறீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தானாக வேலையை விட்டவனையும் யூனிட் நின்று வெளியே வந்தவனையும் ஒரே கணக்கில் வைத்தது எப்படி? எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடியது, நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நின்றது, உங்கள் குழுவிலேயே தொழிற்சங்கத்தார் இருக்கிறீர்கள், தெரியாத கதை இல்லை.

யூனிட் மூடி வேலை போனவர்களுக்குப் பழைய இரண்டு மாதத்தையே வையுங்கள். வெளியேறிய தேதி போடும் பொறுப்பை, வேலை வாங்கிய நிலையத்திடமே கொடுங்கள்.

என் கணக்கில் 1,60,000 ரூபாய். வந்த 1,20,000 கடனுக்கே சரியாகிவிட்டது. மகளின் செமஸ்டர் கட்டணத்துக்குப் போன கார்த்திகையில் அடகு வைத்த ஐந்து பவுனுக்கு வரும் கார்த்திகையோடு கெடு முடிகிறது. மீதி 40,000 என் கைக்கு வருவது தைக்குப் பிறகு. உங்கள் பதில் கார்த்திகைக்கு முன்னால் வந்தால் நல்லது.