கண்டக்டர் சார், அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்க

அமெரிக்க ராணுவத்தோட ஃபீல்டு பேண்டுக்கும், அதுல பாடற சோல்ஜர்ஸ் கோரஸுக்கும், அன்னைக்கு மேடையில குச்சி புடிச்சு நிக்கிறவங்க யாரோ அவங்களுக்கும், வணக்கம்.

தமிழ்ல எழுதினா இவங்க எப்படி படிப்பாங்கன்னு சில பேர் கேப்பாங்க, பரவால்ல, உங்க கச்சேரிக்கு வந்து உக்கார்ற நம்மாளுங்க நெறைய பேர் இருக்காங்க, யாராவது ஒருத்தர் கொண்டு போய் சேர்க்கட்டும்.

திருச்சியில இருந்து எங்கம்மா வந்திருந்தப்போ பக்கத்து ஊரு ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்துல உங்க கச்சேரி. டிக்கெட் ஃப்ரீ. கண்டக்டர் இப்ப வருவாரும்மான்னு சொன்னேன், "டிக்கெட்டே ஃப்ரீங்கிற, அப்புறம் கண்டக்டர் எதுக்கு?"ன்னு கேட்டாங்க. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பாக்கற அளவுக்கு சிரிச்சுட்டேன். அப்புறம் ஸ்கிரீன் தெறந்தா நீலக் கோட்டுல அறுபது சொச்சம் பேரு, அதுல கிளாரினெட்டுக்கே ஒரு தனிக் கூட்டம். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட் வாசிப்பைக் கேட்டு வளந்த ஊர்க்காரங்க எங்கம்மா, "ஒருத்தர் வாசிச்சாலே காது நெறையும், இங்க ஒரு வரிசையே உக்காந்திருக்கே"ன்னு வாயத் தெறந்தவங்க இடைவேளை வரைக்கும் மூடல.

உங்க பேண்டு ஏன் ஊர் ஊரா சுத்துதுன்னு அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன். வாஷிங்டன்ல பெர்ஷிங்ஸ் ஓன்னு இன்னொரு ஆர்மி பேண்டு இருக்கு, தலைநகரத்து விழா, ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில ராணுவத்தாரு இறுதி மரியாதை எல்லாம் அவங்க பாத்துக்கறாங்க. நீங்க அப்படி இல்ல. உலகப் போர் முடிஞ்ச கையோட 1946ல ஜெனரல் ஜேக்கப் டெவர்ஸ் போட்ட உத்தரவே மக்கள் இருக்கற எடத்துக்குப் போங்கன்னுதான், உங்க முதல் கண்டக்டர் செஸ்டர் வைட்டிங் அத ஆரம்பிச்சு 1960 வரைக்கும் நடத்தினாரு, 1957ல கோரஸ் சேந்துச்சு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் மேரிலாந்துல இருக்கற ஃபோர்ட் மீட் ராணுவ முகாம்ல இருந்து பஸ்ஸ எடுத்துக்கிட்டு கிளம்பிடறீங்க. மியூசிக் காலேஜ் முடிச்சு, ஆடிஷன்ல பாஸாகி, அதுக்கப்புறமும் மத்த சிப்பாய்ங்க மாதிரியே பத்து வாரம் பேசிக் டிரெயினிங்ல மண்ணுல உருண்டு எழுந்துதான் அந்த நீலக் கோட்டு கெடைக்குதாம். இது தெரிஞ்சதும் உங்க மேல மரியாதை இன்னும் கூடிடுச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன்.

ராணுவம், நேவி, ஏர்ஃபோர்ஸ், மெரீன், கடலோரக் காவல் பாக்கற கோஸ்ட் கார்டுன்னு ஒவ்வொரு படையோட பாட்டையும் கோத்து வாசிப்பீங்கல்ல, எந்தப் படை பாட்டு வருதோ அந்தப் படையில இருந்தவங்க எழுந்து நிக்கணும், கூட்டம் கை தட்டும். என்னக் கேட்டா மொத்தக் கச்சேரியிலயும் உசுரான எடம் அதுதான். அன்னைக்கு மளிகைக் கடையில பில்லு போடற ஆளு நேவி பாட்டுக்கு எழுந்து நின்னாரு, ரெண்டு வருஷமா பாக்கறேன், அவரு கப்பல்ல இருந்தவருன்னு எனக்குத் தெரியாது.

அதே பாட்டு மாலைய வேற ஒரு பேண்டு, யாருன்னு வேண்டாம், ஜூலை மாசம் ஒரு பார்க்குல வாசிச்சாங்க. எனக்குப் பக்கத்துல ஒரு தாத்தா, எண்பதைத் தாண்டினவரு, முன்னாடி வாக்கர். கோஸ்ட் கார்டு பாட்டு ஆரம்பிச்சதும் ஒரு கை வாக்கர்ல, ஒரு கை சேர் கைப்பிடியில, மெல்ல முட்டிய நிமித்தறாரு, நான் முழங்கையப் புடிச்சேன், வேணாம்னு தலைய ஆட்டிட்டாரு. நெஞ்ச நிமித்தி நிக்கறதுக்குள்ள அவரு பாட்டு முடிஞ்சு மெரீன் பாட்டு வந்துடுச்சு! இருக்கறதுலயே சின்னப் படைகள்ல ஒண்ணு கோஸ்ட் கார்டு, மத்த படைங்க மாதிரி பாதுகாப்புத் துறையில கூட இல்ல, 2003ல இருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில இருக்கு, அன்னைக்கு அந்தப் பார்க்குல அவரு ஒருத்தர்தான். எல்லாரும் மெரீன்காரருன்னு நெனச்சு கை தட்டறாங்க. அவரு உக்காந்துக்கிட்டே, "மெரீன்னே நெனச்சுட்டுப் போகட்டும், சம்பளமா கேக்கப் போறேன்"னாரு.

அந்தக் கண்டக்டரக் குத்தம் சொல்ல முடியாது, பாவம், முதுகு நம்ம பக்கம். ஆனா எழுந்து நிக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு வயசாயிடுச்சுங்க, பாட்டு வேகம் மட்டும் இருவது வயசுக்காரன் மார்ச் பண்ற வேகத்துலயே இருக்கு. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒவ்வொரு படை பாட்டும் முடியறப்போ ஒரு தடவை தோளுக்கு மேல திரும்பிப் பாருங்க. யாராவது பாதியில எழுந்துட்டு இருந்தா அந்தக் கடைசி அடியையே இன்னொரு சுத்து வாசிச்சிடுங்க. கல்யாண ஊர்வலத்துல மாப்பிள்ளை கார் வர்ற வரைக்கும் நாதஸ்வரக்காரர் அதையே இழுத்து இழுத்து வாசிக்கலையா, உங்க திறமைக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. நீங்க செஞ்சா ஊரு பேண்டுங்க எல்லாம் அதப் பாத்துக் கத்துக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கு. எல்லாப் படையோட பேண்டுக்கும் சேத்து 2015ல 43 கோடியே 70 லட்சம் டாலர் ஆச்சுன்னு அமெரிக்கக் காங்கிரஸ்ல (நம்மூரு கட்சி இல்ல, இவங்க பார்லிமென்ட்) பெரிய பேச்சாச்சு. 2017ல அவங்க தணிக்கைக்காரங்க, இந்த பேண்டுங்களால என்ன பலன்னு அளக்க படைகள் கிட்ட சரியான அளவுகோல் இல்லன்னு ரிப்போர்ட்டே குடுத்தாங்க. ஆள் சேக்கற விளம்பரந்தானே இதுன்னு கேக்கறவங்களும் உண்டு, நானும் கேட்டவன்தான், வரி கட்டறவன் கேக்கத்தான் செய்வான். அளவுகோல் வேணும்னா எத்தனை பேரு எழுந்து நின்னாங்கன்னு எண்ணிப் பாருங்க சார். அதுக்கும் திரும்பித்தான் ஆகணும்.

அடுத்து எங்க பக்கம் எப்ப வரீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன், தாத்தாவுக்கும் சேத்து ரெண்டு டிக்கெட் எடுத்துடுவேன். வலது பக்கம், நடைபாதை ஓரத்து சீட்டு, வாக்கர மடக்காம பக்கத்துலயே வெச்சிருப்பாரு.